நூற்றுப்பதினாறை அடிக்க மாட்டேன்

எங்கள் அம்பத்தூர் பட்டறையில் தகட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் எண் அடிக்கிற பஞ்ச் செட்டில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே பஞ்ச்தான். நேராகப் பிடித்தால் ஆறு, திருப்பிப் பிடித்தால் ஒன்பது. போன மாதம் ஒரு லாட் முழுக்க நான் அதைத் திருப்பிப் பிடித்துத் தொலைத்தேன். சூப்பர்வைசர் ராகவன் என்னைப் பேக்கிங்குக்குத் தூக்கிப் போட்டார். பன்னிரண்டு வருஷம் சுத்தியல் பிடித்த கை, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்றைக்கு என் இடத்தில் எண் அடிக்கிற வேம்புலி லீவு. வேறு ஆள் இல்லாமல் ராகவன் என்னைக் கூப்பிட்டார்.

"பேபி, இதான் உனக்குக் கடைசி சான்ஸ். தப்பு வந்துச்சுன்னா பேக்கிங்தான் நிரந்தரம்."

ஒரு கல்லூரிக் கணக்கு மன்றத்துக்கு நாற்பது பித்தளைத் தகடு. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒன்பது இலக்கம். அவர்கள் அனுப்பிய மாதிரித் தகட்டை ராகவன் ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். ஆர்டர் தாளில் இப்படி இருந்தது: குறுக்கே மூன்று, மேலிருந்து கீழே மூன்று, மூலைக்கு மூலை இரண்டு, எட்டுமே பகா எண்கள்.

மாதிரியைப் படித்தேன்.

1 1 6
6 6 1
1 9 9

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா சார் இது? நூத்திப் பதினாறு ரெட்டப்படையா கீதே. ரெண்டால போவுமே, அது எப்பிடி பகா எண் ஆவும்?"

"உன்னக் கணக்குப் போடச் சொன்னேனா? மாதிரில இருக்கறத அடி."

"அடிக்க மாட்டேன் சார்."

"அப்போ பேக்கிங் போ."

ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. போன மாதம் தெரியாமல் செய்தேன். தெரிந்தே நாற்பது தகட்டைக் கெடுக்க நான் என்ன கேனையா? தகட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று உறைத்தது. உருவித் தலைகீழாக மாட்டினேன். ஆறெல்லாம் ஒன்பதானது, ஒன்பதெல்லாம் ஆறானது. ஒன்று வெறும் கோடுதானே, அப்படியே நின்றது.

6 6 1
1 9 9
9 1 1

"இப்போ வகுத்துப் பாருங்க."

ராகவன் செல்போனில் தட்ட ஆரம்பித்தார். எட்டு வரிசையையும் தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒன்றுகூட வகுபடவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

"நான்தான் தலைகீழா மாட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லாத பேபி."

"சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்கள யாரும் பேக்கிங்குக்கு அனுப்ப மாட்டாங்க இல்ல?"

அவர் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைலேருந்து இங்கயே உக்காரு" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே அடித்தால் இலக்கம் கோணிவிடும். வேலைக்குப் போட்டிருந்த கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு முதல் ஆறை அடித்தேன்.