பருந்து சானல்

பெண் பருந்து அன்றும் வரவில்லை.

ஜெயதாஸ் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு டிவிப் பெட்டிக்கு முன்னால் குனிந்தான். திரை முழுக்கக் கூடு. கூட்டுக்குள் ஒரே ஒரு குஞ்சு. அதைச் சுற்றி மீன். முந்தாநாள் போட்டது கறுத்துக் கிடந்தது, நேற்றுப் போட்டதில் ஈ மொய்த்தது, காலையில் போட்ட சாளை இன்னும் மினுங்கியது. நடுவில் குஞ்சு வாயைப் பிளந்து பிளந்து மூடியது. சத்தம் கேட்காது. கேட்காமல் இருந்ததுதான் ஜெயதாசை என்னவோ செய்தது.

பந்தி நிறைய சோறு. ஊட்டத்தான் ஆளில்லை.

இந்த வினோதம் தொடங்கியதே கல்யாணம் இல்லாத மாசத்தில்தான். காரோடு என்ற ஊரில் கேபிள் டிவி நடத்தும் ஜெயதாசுக்குக் கல்யாண வீடியோ இன்னொரு தொழில். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோம்பு வந்துவிட்டால் கிறிஸ்தவர் வீட்டில் கல்யாணம் கிடையாது. பங்குனியில் மீன மாசம் பிறந்தால் இந்துக்கள் வீட்டிலும் கிடையாது. தொண்ணூற்றாறாம் வருஷம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழ, காமிரா பெட்டிக்குள் கிடந்து பூசணம் பிடிக்கப் பார்த்தது. எதிர்வீட்டு அயினி மரத்தில் ஒரு ஜோடி கிருஷ்ணப்பருந்து கூடு கட்டியிருந்தது. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. ஜெயதாஸ் ஏணி வைத்து அந்த வீட்டு மொட்டைமாடியில் ஏறினான். தண்ணீர்த் தொட்டிமேல் காமிராவை நிறுத்தி, குடை கட்டி, அங்கிருந்து தன் கேபிள் அறை வரைக்கும் ஒயர் இழுத்தான். பகலில் சும்மா கிடந்த ஒரு சானலில் கூட்டை விட்டான்.

ஊரே பார்த்தது. எதிர்வீட்டு பகவதியம்மாள் பருந்து தெரிந்த உடனே "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் விளக்கே ஏற்றிவிட்டாள். முழங்கால் வலியில் மாடி ஏற முடியாதவளுக்குக் கருடன் வீட்டுக்குள் இறங்கி வந்ததென்றால் சும்மாவா?

மற்றவர்கள் வேலை இருந்தால் எழுந்து போவார்கள். ஜெயதாசுக்குப் பார்ப்பதே வேலை. இடது இறக்கையில் ஒரு இறகு விழுந்து இடைவெளி தெரிவது ஆண் என்று அவன் கண்டுபிடித்தான். அது மீனைக் கொண்டுவந்து போடும், உடனே போய்விடும். ஒரு நிமிஷம் நிற்காது. மீனைக் காலால் அமுக்கி, நார் நாராகக் கிழித்துக் குஞ்சின் வாயில் வைப்பது பெண்.

அந்தப் பெண்தான் இப்போது இல்லை.

டெலிபோன் அடித்தது. டீக்கடைக்காரர் எலியா.

"எலே ஜெயதாசே, ஒனக்க சானல்ல மீனு நாறுதுடே. என் கடை வரைக்கும் வாடை வருது."

"விளையாடாத ஓய். குஞ்சுக்க தள்ளையக் காணல்ல."

"காணாது. வயல்பக்கம் கரண்ட் கம்பியில ஒண்ணு தொங்குதுன்னு இன்னைக்குக் காலத்த பேசிக்கிட்டானுவ. அதாக்கும்."

ஜெயதாஸ் போனை வைத்தான். வைத்த கை அதன்மேலேயே கிடந்தது. மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை பாலராமபுரம். மனைவி ஜிஜியின் அக்கா விலாசினி.

"ஞாயிற்றுக்கிழமை வருவே இல்லியா? வரும்போ முடிவோட வா. தன்யாவை இங்க உள்ள ஸ்கூல்ல சேக்கணும். ஜிஜி சம்மதிச்சாச்சு. நீ ஒருத்தன்தான் வாயைத் திறக்காம இருக்கே."

ஜிஜி குவைத்தில் நர்ஸ். மகள் தன்யா நடை பழகும் முன்னே விமானம் ஏறினாள். பிள்ளை இல்லாத விலாசினி தங்கையின் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "ஆம்பிளை தனியா என்ன செய்வான்?" என்று எல்லாரும் கேட்டார்கள். ஜெயதாசும் அதையே கேட்டுக்கொண்டான். ஞாயிறுதோறும் பிஸ்கட்டும் பொம்மையுமாகப் போவான், கொடுப்பான், நாலு மணி பஸ்ஸில் திரும்புவான். பிள்ளைக்கு நாலு வயசாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் அங்கேயே சேர்த்துவிட்டால் பிறகு அவள் காரோட்டுப் பிள்ளை இல்லை. அது அவனுக்குத் தெரியும். கொண்டுவந்தால் வளர்க்கத் தெரியுமா? அதுதான் தெரியாது.

"வாறேன் அக்கா" என்றான்.

மறுநாள் ஊர் கூடிவிட்டது. மரமேறி வேதமணியைப் பிடித்து, ஏறி மீனைக் கிழித்து ஊட்டச் சொன்னார்கள். அவன் பாதி மரம் ஏறியதும் முசுறு எறும்பு மொய்த்தது, மேலேயிருந்து ஆண் பருந்து பாய்ந்தது. வேட்டியை உதறிக்கொண்டு இறங்கினான்.

"சோறு ஊட்டதுக்கு நான் கருடனுக்க பெண்டாட்டியா? ஆளை விடுங்கடே!"

சிரிப்பு அடங்கியதும் பகவதியம்மாளின் கணவர் ஞானசம்பந்தம் பிள்ளை தொண்டையைச் செருமினார். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் தீர்ப்பு.

"இது தெய்வக் காரியம். ஒரு வெடிவழிபாடு நடத்தணும். கருடனுக்க பேரைச் சொல்லி மூணு வெடி. குஞ்சு பிழைச்சுக்கிடும்."

கோயிலில் நேர்ந்துகொண்டு வெடி போடுவது அந்தப் பக்கத்தில் பூப்போடுவது மாதிரி. ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை. பக்கத்துக் கோயிலிலிருந்து கதினாக் குற்றிகள் வந்தன. இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்து மரத்தடியில் வரிசையாக நட்டார்கள். ஜெயதாஸ் ஓடினான்.

"பிள்ளைவாளே, வேண்டாம். சத்தம் கேட்டா அது கூட்டுப்பக்கமே வராது."

"சாமிக்குச் சத்தம் பயமா? நீ போயி பெட்டியைப் பாரு மக்கா. எல்லாரும் அவியவிய வீட்டில தரிசனத்துக்கு உக்காந்திருக்காவ."

அவன் அறைக்குத் திரும்பியபோது திரையில் ஆண் பருந்து காலில் மீனோடு தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. கூட்டின் விளிம்பில் கால் பட்டது. குஞ்சு வாயைத் திறந்தது.

டமார்!

காமிராவே குலுங்கியது. மீன் கீழே விழுந்தது. பருந்தைக் காணோம். இரண்டாவது வெடி. மூன்றாவது. குஞ்சு கூட்டோடு கூடாக ஒட்டிப் படுத்துவிட்டது.

அன்று முழுக்க ஆண் வரவில்லை. கேபிள் அறை டெலிபோன்தான் விடாமல் அடித்தது. "வெடி போதல்லையோ?" என்று ஒருத்தர். "நாளைக்கு ஏழு வெடியாக்கி நோக்காம்" என்று மலையாளத்தில் இன்னொருத்தர். பகவதியம்மாள் பால், பழம், கற்பூரத்தோடு மரத்தடிக்கு ஆள் அனுப்பினாள். மரத்தைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். எல்லாருக்கும் அந்தக் குஞ்சுமேல் அவ்வளவு பாசம். அந்தப் பாசமே அதைக் கொன்றுவிடும்.

ஜெயதாஸ் எழுந்தான். சானலின் ஒயரைப் பிடுங்கினான். ஊரின் எல்லா டிவியிலும் கூடு மறைந்து புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. பிறகு தெருவைக் கடந்து போய், பகவதியம்மாள் வீட்டு முற்றத்தில் நின்று, பச்சைப் பொய் ஒன்று சொன்னான்.

"குஞ்சு போயிட்டும்மா."

அவள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். ஞானசம்பந்தம் பிள்ளை மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே யாரோ கதினாக்களைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. பகவதியம்மாள் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஒரு சாவு விழுந்தது போலத் தலைமுழுகப் போனாள். அந்தத் தண்ணீர் சத்தம் ஜெயதாசின் முதுகிலேயே விழுந்தது.

"காமிராவ அவுக்கல்லியா?" என்றார் பிள்ளை.

"அங்க கிடக்கட்டும் பிள்ளைவாளே. ஏணி ஏற மனசில்ல."

சொன்னதில் அது மட்டும் பாதி உண்மை.

பருந்து சானலில் பழைய சினிமா ஓடத் தொடங்கியது. இரண்டு நாளில் ஊர் சினிமாவுக்கு மாறிவிட்டது. கேபிள் அறையில் மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் கூடு இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜெயதாஸ் பார்த்தான். இனி உலகத்தில் அதைப் பார்ப்பவன் அவன் ஒருத்தன். செத்துப் போனது என்று எல்லாரும் அழுது முடித்த ஒன்றை உயிரோடு பார்த்துக்கொண்டிருப்பது, அப்படி ஒரு தனிமை அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை. ஜிஜியைக் கூப்பிட்டுச் சொல்லலாம். அவள் ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமைதான் போன் எடுப்பார்கள். எடுத்தாலும் என்ன சொல்ல?

கூட்டம் கலைந்த மறுநாளே ஆண் வந்துவிட்டது. மீனைப் போட்டது. போனது. குஞ்சின் கழுத்து துவண்டிருந்தது. வாய் திறப்பதுகூடக் குறைந்துவிட்டது.

"கிழிச்சுக் குடுலே" என்று ஜெயதாஸ் பெட்டியைப் பார்த்துச் சொன்னான். "ஒருக்கா கிழிச்சுக் குடுத்தா என்னலே ஒனக்கு?"

சனிக்கிழமை உச்சி வெயிலில் மறுபடி வந்தது. மீனை வைத்தது. இந்தத் தடவை போகவில்லை. ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. களைப்போ, வெயிலோ. விளிம்பில் நின்று குஞ்சைப் பார்த்தது. கிழிக்கவும் இல்லை, ஊட்டவும் இல்லை. அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் நின்றது. அதன் நிழல் குஞ்சின்மேல் விழுந்தது.

குஞ்சு அசைந்தது. மீனைக் கொத்தியது. வழுக்கியது. மறுபடி கொத்தியது. பிறகு யாரும் சொல்லித் தராமல் ஒரு காலைத் தூக்கி மீனின்மேல் வைத்து, அமுக்கி, தலையைப் பின்னால் இழுத்தது. ஒரு நார் சதை பிய்ந்து வந்தது. விழுங்கியது.

ஜெயதாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கத்த வேண்டும்போல் இருந்தது. கதவு வரை போனான். எதிர்வீட்டு வாசலில் பகவதியம்மாள் டிவி பக்கம் போகாமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் நாளைக்கே மரத்தடியில் நூறு பேர். நன்றி வழிபாடு என்று ஏழு வெடி. கதவைத் திரும்பச் சாத்தினான். சந்தோஷத்தைக்கூட ஒற்றையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி பாலராமபுரம் போய்ச் சேர்ந்தபோதுதான் பிஸ்கட் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது. மணி மூணைத் தாண்டியிருந்தது. விலாசினி வீட்டு அடுக்களையில் தன்யா பலகையில் உட்கார்ந்து தானாகவே சோறு தின்றுகொண்டிருந்தாள். மீனிலிருந்து முள்ளைத் தனியாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தாள். எப்போது படித்தாள்? யார் பார்க்க?

"என்ன கொண்டுவந்தே?" என்றாள்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல மக்களே."

அவள் அவனை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினாள்.

"முடிவு?" என்றாள் விலாசினி.

"நான் கொண்டுபோறேன் அக்கா."

"நீயா? அந்தப் பெட்டியப் பாப்பியா, பிள்ளையப் பாப்பியா? காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னு தெரியுமா ஒனக்கு? அவளுக்கு ராத்திரி எந்தப் பக்கம் படுத்தா ஒறக்கம் வரும், அது தெரியுமா?"

"தெரியாது."

விலாசினி அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"இங்கயே சேருங்க" என்றான் ஜெயதாஸ். "ஆனா தினமும் காலத்த முதல் பஸ்ஸுக்கு நான் வாறேன். ஸ்கூலுக்கு நான்தான் கொண்டு விடுவேன். மத்தியானம் வரைக்கும் சானல்ல எவனும் ஒண்ணும் பாக்கதில்ல. இங்க இருந்து எல்லாம் படிச்சுக்கிடுதேன்."

"எத்தனை நாளைக்கு?"

"வந்து நிக்கும்போ எண்ணிக்கிடுங்க."

"மழைக்காலத்தில பாப்போம்" என்று சொல்லிவிட்டு விலாசினி கழுவ வேண்டிய பாத்திரங்களோடு கொல்லைக்குப் போனாள்.

சோறு முடிந்தும் தன்யா எழுந்திருக்கவில்லை. ரோட்டில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. ஜெயதாஸ் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றான். பஸ் நின்று, ஆள் ஏற்றி, புறப்பட்டுப் போகும் சத்தம் முழுதாகக் கேட்டது.

"போவல்லியா?" என்றாள் தன்யா.

"இல்ல."

"ஏன்?"

அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஓரத்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூனைக்குப் போடத் தொடங்கினாள். அவள் கூப்பிடவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.