ரெம்பெர்த்தோ ஏன் பெருக்குகிறார்?

1

இந்தக் கதை ஒரு புரளியில் பிறந்தது. வால்பரைசோ துறைமுக நகரத்துக்கு மேலே, எங்கள் மலைச்சரிவில் ஒருவர் தன் வீட்டைச் சுற்றிப் புல் பூண்டில்லாமல் செதுக்கிவிட்டார். தீ வைக்கப்போவதே அவர்தான் என்றது ஊர். பின்னே, நெருப்பு வரப்போவது அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததாம்?

2

முதல் தொடக்கம்: பிப்ரவரிக் கோடை வெயிலில் யூகலிப்டஸ் காடு பெருமூச்சு—

வேண்டாம். காடு பெருமூச்சு விடாது. அது எழுத்தாளர்களின் வேலை.

இன்னொன்று: ஒவீதியா முட்புதர் வேலியின் இடுக்கில் கண்ணை வைத்தாள். அடுத்த வீட்டு ரெம்பெர்த்தோ ஏணியில் நின்று கூரைத் தகரத்துச் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தார். சுவரோரம் இருந்த விறகு தோட்டத்துக் கோடிக்குப் போயிருந்தது. (தீ வைப்பவனுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்குமா? இருக்கும் என்கிறாள் அவள். எனக்கும் உள்ளூர ஒரு உறுத்தல்தான்.)

"தோன்யா ஒவீதியா, உங்க புதரு காஞ்சு கிடக்கு. சுவரோ மரச்சுவரு. ஒரு பொறி போதும். வெட்டித் தரட்டா? சும்மாவே வெட்டுறேன்."

"சும்மாவா?" 'தோன்யா' என்ற மரியாதை வேறு; சந்தேகம் இரட்டித்தது. "ஏன், நாள் குறிச்சாச்சோ?"

"எதுக்கு?"

"அத நீங்கதான் சொல்லணும்."

3

குடியிருப்போர் சங்கத் தலைவர் தோன் எலியோதோரோ, ஒளிரும் மேல்சட்டை மாட்டிக்கொண்டு தீத்தடுப்புக் கூட்டத்தில் முழங்கினார்: "விழிப்புணர்வே நம் கேடயம்!" கைதட்டல் ஓய்ந்ததும், காய்ந்த புல் நடுவே கரி மூட்டி இறைச்சி வாட்டினார். அவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஒவீதியா காதோரம் சொன்னாள்: "இன்னிக்கும் பெருக்குறாரு, தலைவரே."

"ஒரு கண்ணு அவன் மேலதான்" என்றார், கருகும் தொத்திறைச்சியைக் கவனிக்காமல்.

4

ரெம்பெர்த்தோவை நல்லவராக்க எனக்கு வழி தெரியும். முன்பொரு தீயில் அவருடைய மனைவி—

அடித்துவிட்டேன். ஒரு மனுஷன் வாசலைப் பெருக்கச் சோகக்கதை எதற்கு?

5

மேட்டில் புகை. காற்று கீழ்நோக்கி இறங்குகிறது. ஒவீதியா வீட்டு கேட்டுக்கு வெளியே வெட்டுக்கத்தியோடு ரெம்பெர்த்தோ.

"இப்பவாவது திறங்க, தோன்யா! புதர வெட்டிடுறேன்!"

முடிவு அ: திறக்கிறாள். வீடு தப்புகிறது. "பாத்தியா, அவனுக்கு முன்னமே தெரியும்" என்கிறது ஊர்.

முடிவு ஆ: திறக்கவில்லை. அவள் வீடு சாம்பல். அவர் வீடு நிற்கிறது. "பாத்தியா, அவனுக்கு முன்னமே தெரியும்" என்கிறது ஊர்.

ஊரை விடுங்கள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஒவீதியா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நெருப்பு வருமென்று முதல் வரியிலிருந்தே தெரிந்திருந்தவன் நான்தானாம். என் பேச்சை இனிக் கேட்கமாட்டாளாம்.

உங்களைத்தான் கேட்கிறாள்:

"நீங்க சொல்லுங்க. திறக்கட்டா?"