சுகுமாறன் வீட்டுச் சண்டைமீன்

சுகுமாறன் நான்காம் மாடிக்கு ஏறி வந்து கதவைத் தட்டியபோது கேத்தரின் உடனே திறக்கவில்லை. கதவிலிருந்த சிறு துளை வழியே பார்த்தாள். மலேசியாவின் கிள்ளானில் இருந்த அந்த அடுக்குமாடிக்கு அவர்தான் நிர்வாகக் குழுத் தலைவர். கையில் கைப்பேசியோடு வியர்த்துப்போய் நின்றார். இன்னும் தட்டட்டும் என்று விட்டாள்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அவள் கணவன் திமோத்தி நெஞ்சுவலியோடு மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவளும் அங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய மீன்தொட்டி வாசலுக்கு வெளியே நடைபாதையில் இருந்தது. பழைய தலைவர் அனுமதி கொடுத்திருந்ததால் அதன் ஃபில்டர் நடைபாதைப் பிளக்கில் ஓடியது. புதிதாக வந்த சுகுமாறன் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பிடுங்கிப் போட்டு, பிளக்கின் மேல் டேப் ஒட்டினார். படமும் எடுத்து, நூற்று நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மலாயில் எழுதினார்: கேத்தரின் பொது மின்சாரத்தைத் திருடுகிறாள்.

அவள் திரும்பி வந்தபோது, ஆறு வருடம் வளர்த்த நான்கு தங்கமீன்களும் செத்து மிதந்தன. அதன் பிறகு லிஃப்டில் ஏறினாலே யாராவது அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், ஜெபத்தில் 'பிறரை நாங்கள் மன்னிப்பது போல' என்று வருகிற வரியில் மட்டும் அவள் வாயை மூடிக்கொள்வாள்.

மூன்றாவது முறை தட்டிய பிறகுதான் திறந்தாள்.

"ஒரு ஹெல்ப் மா," என்றார் சுகுமாறன். "மக ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போறப்ப அவளோட சண்டைமீன எங்கிட்ட விட்டுட்டுப் போனா. சின்னத் தொட்டி. பழைய ஃபில்டர் கெட்டுப்போச்சு, புதுசு மாட்டினேன். அதுலேர்ந்து இப்படித்தான்."

வீடியோவைக் காட்டினார். தொட்டியின் விளிம்பில் மாட்டிய ஃபில்டரிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. நீல மீன் ஒன்று அதில் அடிபட்டு, சுழன்று, கண்ணாடியில் மோதியது. வால் ஓரம் கிழிந்திருந்தது.

"ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு நாள்ல தண்ணி கலங்கிப் போச்சு லா. மக தினமும் வீடியோ கால்ல கேக்குறா. உங்களுக்குத்தான் மீனப் பத்தித் தெரியுமே."

ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும் என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியும், மிஸ்டர் சுகுமாறன்." முன்பெல்லாம் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "குரூப்புல மன்னிப்புக் கேளுங்க. நான் திருடி இல்லன்னு எழுதுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் இறங்கிப் போனார்.

மறுநாள் மாலை குழுவில் தமிழில் ஒரு வரி வந்தது: 'கேத்தரின் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.' உடனே போனும் வந்தது.

"போட்டுட்டேன் மா. சொல்லுங்க."

"திருடின்னு மலாய்ல தானே போட்டீங்க? இது மட்டும் ஏன் தமிழ்ல? அதுவும் புண்பட்டிருந்தாலாம்! இது பாதி மன்னிப்பு. அதுக்குப் பாதி வைத்தியம் சொல்றேன். தொட்டியில தண்ணிய ஃபில்டர் வாய் வரைக்கும் நிரப்புங்க. உயரத்துலேர்ந்து விழறதாலதான் அவ்வளவு அடி."

"அது போதுமா?"

"போதாது," என்று போனை வைத்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த திமோத்தி, "பாவம் லா அந்த மீன்," என்றான்.

"என் மீன் நாலும் பாவம் இல்லையா?"



சுகுமாறன் இரண்டு நாள் வீம்பாக இருந்தார். கேத்தரின் வேலை செய்யும் பள்ளிக்கூட லேப்பில் சோதனைக்குழாய்களைக் கழுவும்போதெல்லாம் அந்தக் கிழிந்த வால் அவள் கண்ணில் வந்தது. வீட்டில், சோப்புப் படாத ஸ்பாஞ்சை இரண்டு துண்டாக வெட்டித் தயாராகக்கூட வைத்துவிட்டாள். ஆனால் இறங்கிப் போகவில்லை. அந்த மனிதர் கீழே முதல் மாடியில் தொட்டி முன் தவித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

மூன்றாம் நாள் குழுவில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் மன்னிப்பு வந்தது. கேத்தரின் திருடவில்லை, அவளிடம் அனுமதி இருந்தது, விசாரிக்காமல் பிளக்கைப் பிடுங்கியது என் தப்பு, அவள் மீன்கள் செத்ததற்கு நானே காரணம். மூன்று மொழியிலும் நிதானமாகப் படித்துவிட்டு ஸ்பாஞ்ச் துண்டுகளை எடுத்துக்கொண்டு கீழே அவர் வீட்டுக்குப் போனாள்.

ஃபில்டரை நிறுத்தினாள். தண்ணீர் கொட்டும் வாயில் ஒரு துண்டைச் செருகினாள். இன்னொன்றில் ஓட்டை போட்டு, வால் சிக்காதபடி உறிஞ்சு குழாயில் மாட்டினாள். மறுபடி போட்டபோது தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்து இறங்கியது. மூலையில் ஒட்டிக் கிடந்த மீன் சற்று நேரம் அசையவே இல்லை. பிறகு மெல்ல நடுவுக்கு வந்து, கிழிந்த வாலை விரித்தது.

"வாரம் ஒருக்கா ஸ்பாஞ்ச தொட்டித் தண்ணியிலேயே அலசுங்க. பைப் தண்ணி வேணாம்."

சுகுமாறனுக்குக் கண் கலங்கியிருந்தது. "மீனுக்காக எறங்கி வந்தீங்களே, தேங்க்ஸ் மா."

"மீனுக்காகன்னா மொத நாளே வந்திருப்பேன்."

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் கூசியது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்படியே தரைத்தளத்துக்கு இறங்கினாள். அறிவிப்புப் பலகையில் புதிய குழுத் தேர்தலில் நிற்பவர்கள் பெயர் எழுதும் பட்டியல் தொங்கியது. தலைவர் பதவிக்கு சுகுமாறன் பெயர் மட்டும் இருந்தது. காவலாளியிடம் பேனா வாங்கி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். நவம்பரில் நடந்த கூட்டத்தில் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

சுகுமாறன் இன்னமும் அந்த மீனின் வீடியோவை அவளுக்கு அனுப்புகிறார். வால் நன்றாக வளர்ந்துவிட்டது. அவள் கடைசி வரை பார்ப்பாள். நீல டிக் விழும், பதில் போகாது.