இலரீவா, இல்ஸரீவா?

"சரிதா! சீக்கிரம் கீழ வா!"

விடுதி மேலாளர் விக்டரின் குரல் கேட்டு, மாடியில் போர்வை மாற்றிக்கொண்டிருந்த சரிதா ஓடி வந்தாள். பாரிஸிலிருந்து வேறு யாருக்கோ முன்பதிவு செய்த அம்மாள் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பிரெஞ்சு பேசும் வரவேற்பாளர் அன்று லீவு. எட்டு மாதமாகப் பக்கத்துச் சாரம் பகுதியில் பிரெஞ்சு மாலை வகுப்புக்குப் போகிறவள் சரிதா ஒருத்திதான்.

"மத்தியானம் வர்றாங்க, மீன் பிடிக்கும், நல்லா சாப்பிடுவாங்கங்குது அந்தம்மா" என்றாள் சரிதா.

"எத்தன பேரு? புக்கிங் ஒரு ஆளு பேர்லதான் இருக்கு."

திரும்பக் கூப்பிட்டார்கள். பாரிஸில் இன்னும் விடியவில்லை, யாரும் எடுக்கவில்லை.

சமையல்காரி சந்திரகலா கூடையோடு நின்றாள். "ஒரு மீனா, ஒரு கூடையா? சொல்லுங்க, மார்க்கெட்டுக்குப் போவணும்."

சரிதா செய்தியை மறுபடி ஓடவிட்டாள். 'இல் மாஞ்ஜ்' என்றது குரல். அவர் சாப்பிடுகிறாரா, அவர்கள் சாப்பிடுகிறார்களா? எழுத்தில் பன்மைக்கு மூன்றெழுத்து வால் உண்டு. வாயில் அந்த வால் கிடையாது. இரண்டும் ஒரே ஓசை!

அடுத்து 'வருவது' என்பதற்கான 'அரீவ்' வந்தது. அதில் வண்டு இரைவதுபோல் நடுவில் ஒரு 'ஸ'.

"இந்த 'ஸ' எங்கேர்ந்து வந்துச்சு?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

"முன்னாடி வார்த்தைலேர்ந்து தாவியிருக்கும்" என்றாள் சந்திரகலா. "மீன் எடுன்னா மீனெடுன்னுதானே வாயில வருது?"

சரிதாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒருவர் வந்தால் 'ல' தாவும்: இ-லரீவ். பலர் வந்தால் 'இல்'லுக்குப் பின்னால் எழுத்தில் ஊமையாகக் கிடக்கும் 'ஸ' விழித்துத் தாவும்: இல்-ஸரீவ். மீன் பிடிக்கும் என்ற வரியைப் போட்டாள். இல்-ஸெம்! அங்கேயும் அதே வண்டு.

"அண்ணே, ஒருத்தர் இல்ல, கூட்டமா வர்றாங்க! அக்கா, எத்தன பேருன்னு தெரியல, எட்டுப் பேருக்கு வாங்குங்க!"

"வரலன்னா?"

"வருவாங்கண்ணே." சொல்லிவிட்டு, செய்தியை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் வேன் நின்றது. கதவு திறந்தது. தொப்பி போட்ட கிழவர் ஒருவர் இறங்கினார். இறங்கியவர் கதவைச் சாத்தப்போனார். விக்டர் சரிதாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் வேனுக்குள் எட்டிப்பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை கதவைத் தடுத்தது. பேத்தி குதித்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பிள்ளைகள், மகன், மருமகள், ஒரு பாட்டி.

"ஏழு!" சரிதா கத்தியேவிட்டாள். பிறகு சுதாரித்து, அவர்கள் மொழியிலேயே வணக்கம் சொல்லி உள்ளே அழைத்துப்போனாள்.

பந்தி முடிந்ததும் விக்டர் வந்தார். "நாளைலேர்ந்து போர்வைய வேற ஆள் பாக்கட்டும். நீ வரவேற்புல உக்காரு."

சரிதா அடுக்களைக்கு ஓடி, கையெல்லாம் மசாலாவாக நின்ற சந்திரகலாவை அப்படியே கட்டிக்கொண்டாள்.