உடும்புத் தடி

கண்ணாடிதான் மேலே ஏறிவிட்டது என்று சீதாலெட்சுமி முதலில் நினைத்தாள். பவுடர் பூசிக்கொண்டு பார்த்தபோது நெற்றி தெரிந்தது, கண் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. வாயைக் காணோம். ஆணியை ஆட்டிப் பார்த்தாள். கிள்ளானில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தபோது அவளே அடித்த ஆணி, அசையவில்லை. குதிகாலை உயர்த்தினாள். வாய் வந்தது. இறக்கினாள். போய்விட்டது.

கொஞ்ச நாளாகவே சேலை தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. சாமிப் படத்துக்குப் பூ வைக்க எட்டவில்லை. சேலையைக் குறை சொன்னாள், சாமிப் படம் இருந்த பலகையைக் குறை சொன்னாள். தன்னை நினைக்கவில்லை.

கிளினிக்கில் மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் அவளைச் சுவரோடு நிற்கவைத்தாள்.

"நேரா நில்லுங்க ஆன்டி."

"நேராத்தான்மா நிக்கிறேன்."

மிஸ்ஸி பழைய அட்டையைப் பார்த்தாள், மறுபடியும் அளந்தாள், பிறகு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினாள்.

டாக்டர் சின்னப் பெண். தமிழ்ப் பெண். படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். "முதுகெலும்பு நொறுங்கி ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கும்மா. அதான் உயரம் கொறஞ்சிருக்கு. மருந்து இருக்கு, ஊசி போடலாம். ஆனா நீங்க விழவே கூடாது. விழுந்தா அடுத்தது இடுப்புதான்."

"நொறுங்குனது எனக்கே தெரியாமலா?"

"சில பேருக்கு வலிக்கவே வலிக்காது."

அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. வலித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் சமைத்துக்கொண்டும் டிவி பார்த்துக்கொண்டும் இருந்த நேரத்தில் உள்ளே ஒவ்வொன்றாக இடிந்திருக்கிறது, ஒரு சத்தம்கூட வரவில்லை.

எதிர்வீட்டுத் தாமரை போன வருஷம் குளியலறையில் வழுக்கினாள். இடுப்பு போனது. படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனவள் படுத்தபடியே திரும்பி வந்து, மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

சீதாலெட்சுமி கதவைத் தாண்டுவதை நிறுத்தினாள். தும்மல் வந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குளிப்பதற்கு முன்னால் குளியலறைத் தரையைத் துணியால் துடைத்தாள். துடைக்கக் குனிவதற்கும் பயம் வந்தபிறகு குளிப்பதையே தள்ளிப்போட்டாள். சுவரைத் தடவித் தடவி நடந்தாள். கூடத்தின் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடம் ஒன்று இருந்தது. அதைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஷா ஆலமில் இருந்த மகள் ஷாமினி ஒரு அலுமினியத் தடியை வாங்கிவந்தாள். தாமரை படுத்திருந்த கட்டிலோரம் சாத்தியிருந்ததும் அதே மாதிரிதான்.

"எடுத்துட்டுப் போ."

"அம்மா, ப்ளீஸ்லா. பிடிச்சு நடந்து பாருங்க."

"அத வீட்டுக்குள்ள வைக்காத. எனக்கு வேணும்னா நானே செஞ்சுக்கிறேன்."

அது வெறும் வீம்புப் பேச்சு இல்லை. கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் கட்டில் தலைப்பலகைகளுக்குப் பூவும் கொடியும் செதுக்கிய கை அவளுடையது. கூட வேலை செய்த சுகுமாறன் இப்போது அங்கேயே சின்னப் பட்டறை வைத்திருந்தான். ஷாமினி அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் காரில் அழைத்துப் போனாள்.

"என்னாக்கா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?" என்றான் சுகுமாறன். எளைச்சு என்றுதான் சொன்னான். ஆனால் அவன் கண் அவள் தலைக்கு மேலே, முன்பு அவள் தலை இருந்த இடத்தைப் பார்த்தது.

நியாத்தோ மரத்தில் கணு இல்லாத நீளத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தான். எவ்வளவு நீளம் என்று கேட்டான். அளவுநாடாவை அவள் தொடவில்லை. கிளினிக்கில் அளந்ததே போதும் என்றிருந்தது. மனக்கணக்காகக் கண்ணால் பார்த்து, "இங்க அறு" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செதுக்கினாள். சுத்தியல் அடித்தால் அதிர்ச்சி முதுகுக்குப் போகுமோ என்று பயந்து, உளியைக் கையாலேயே தள்ளித் தள்ளிச் சீவினாள். அதனால் வேலை மெதுவாக நடந்தது. என்ன செதுக்குவது என்று அவள் யோசிக்கவே இல்லை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே பெரிய கால்வாயில் ஓர் உடும்பு இருந்தது. வெள்ளம் வந்தபோது கட்டில், மெத்தை எல்லாம் மிதந்து போயின. அது மட்டும் சிமெண்டுச் சுவரில் நகத்தை ஊன்றி ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைத்தான் தடியில் ஏற்றினாள். வால் அடியில் சுற்றிக்கொண்டு போக, உடம்பு மேலே ஏறி, தலை கைப்பிடிக்குக் கீழே வந்து நின்றது. முதுகு முழுக்கச் செதில். கண்ணுக்குப் பித்தளைக் குமிழ் பதித்தாள். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசினாள்.

ஷாமினி விரலால் செதிலைத் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்கும்மா. ஆனா பயமா இருக்கு இது மூஞ்சி."

"இருக்கட்டும்."

தடியோடு தனியாகப் பாசார் சந்தைக்குப் போனாள். படி இறங்கவே உடம்பு வேர்த்துக் கொட்டியது. மீன்கடை அக்கா தடியைப் பார்த்து, "யாரு செஞ்சது?" என்று ஆச்சரியப்பட்டபோது மனசு லேசானது. அந்தச் சமயம் பார்த்து ஐஸ்பெட்டி ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னால் ஹார்ன் அடித்தது. திரும்பினாள். ஈரத்தரையில் தடி வழுக்கியது.

விழும்போது அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: தாமரை.

தரையில் கிடந்தாள். மீன்தண்ணீர் சேலைக்குள் ஊறியது. ஆட்கள் ஓடிவந்தார்கள். "தூக்காதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள். காலை அசைக்கப் பயம். அசையாமல் போய்விட்டால்? அசைக்காதவரை கால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே கிடந்தாள். மீன்கடை அக்கா வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பு தப்பியது. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. வலது கை தடியை விடவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

வார்டில் நடைப் பயிற்சி கொடுக்க வந்தவன் பெயர் கிஷன். அவளை நிற்கவைத்து, தடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "ஆன்டி, இது உங்களுக்கு ரொம்ப நீளம். தோள் தூக்கிக்குது, பாருங்க. அடியில ரப்பரும் இல்ல. வழுக்காம என்ன செய்யும்?"

"சரியாத்தான தம்பி வெட்டுனேன்."

"முன்ன இருந்த உயரத்துக்கு வெட்டியிருக்கீங்க."

அவன் போனதும் அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஷாமினி அவள் முதுகில் கை வைத்தாள். நொறுங்கிய எலும்புகள் இருந்த இடம். சீதாலெட்சுமி திரும்பாமலே பேசினாள்.

"பயமா இருக்குடி."

இத்தனை நாளில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். ஷாமினி, ஒண்ணும் ஆகாதும்மா என்று சொல்லவில்லை. "எனக்கும்தாம்மா," என்றாள். "போன் அடிச்சாலே பயமா இருக்கு." இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி ஒரு பாக்கெட் டிஷ்யூவை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் தடியை மேசைமேல் கிடத்தினார்கள். ஒரு கையில் கட்டு இருந்ததால் ரம்பத்தை ஷாமினிதான் பிடித்தாள். அதற்குமுன் அவள் ரம்பத்தைத் தொட்டதே இல்லை.

"வால் நுனி போயிடுமேம்மா."

"போனா போகட்டும். இழுக்கும்போது அழுத்தாத. தள்ளும்போது அழுத்து."

கோணலாகத்தான் அறுபட்டது. உப்புத்தாள் போட்டுச் சமன் செய்து, ரப்பர் மாட்டினார்கள். இப்போது தோள் தூக்கவில்லை.

மறுவாரம், அம்மாவோடு வந்து தங்கியிருந்த ஷாமினி வேலைக்குப் போயிருந்தபோது சீதாலெட்சுமி கதவைத் திறந்தாள். படிக்கட்டு பழையபடியே ஆழமாகத் தெரிந்தது. தடியை முதல் படியில் வைத்தாள், பிறகு காலை வைத்தாள். ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்புவதற்கும் பயமாக இருந்ததால் இறங்கிக்கொண்டே போனாள்.

கீழே சிமெண்டு பெஞ்சில் தடியை முழங்காலோடு சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூட பஸ் ஒன்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. காற்றில் யார் வீட்டிலிருந்தோ மிளகாய்ச் சம்பால் வறுக்கும் வாசனை வந்தது. அவள் மேலே தன் வீட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். இனி ஏற வேண்டும். கொஞ்ச நேரம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.