அக்கா குடிக்காத தண்ணீர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. கோபத்தில் பிறக்கும் கதைகளுக்கு ஒரு கெத்து உண்டு. இது நன்றியில் பிறந்தது. நன்றியை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதினாலே அது பிரிவு உபசாரக் கூட்டத்துப் பேச்சாகிவிடுகிறது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

“மழை தூறிய ஒரு புதன்கிழமை, வெண்ணிற ஆடையில் இரு இளம் மருத்துவர்கள் தேவதைகளைப் போல எங்கள் வாசலில்…”

[இதற்கு மேல் கை கூசியது. மழையும் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. லிப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறி, பேச முடியாமல் மூச்சிரைக்க நின்றார்கள். முழு டாக்டர்களும் இல்லை. கடைசி வருஷ மாணவர்கள். ஆஸ்பத்திரி வரமுடியாத நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்ப்பது அவர்கள் படிப்பில் ஒரு பகுதியாம்.]

2

நோயாளி என் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என் கணவர் போன பிறகு நானும் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டேன். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சு குழறியது. ஆனால் பட்டப்பெயர் வைக்கும் புத்தி மட்டும் அப்படியே இருந்தது. வந்த இருவரில் பையனுக்கு ‘நெட்டை’, பெண்ணுக்குக் ‘கேள்வி’.

கொஞ்ச நாளாக அக்கா சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். உதடு வெடித்துப்போயிருந்தது. நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ‘தண்ணி குடிச்சியா?’ என்றால் காலி டம்ளரைக் காட்டுவாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அவள் போவதற்கு முடிவெடுத்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம்.

3

[இங்கே கதையின் நாயகன் யார் என்று ஒரு குழப்பம். நெட்டையை அறிவாளியாக்கி ஒரு வரைவு எழுதினேன். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “அவனா? பிபி பார்க்குற பட்டையை எனக்குத் தலைகீழா கட்டுனவன்டி,” என்றாள். நாயகன் பதவி பறிபோனது. ஆனால் அவன் நல்லவன். முதல் நாள் வந்தபோது, காப்பித் தட்டைத் தூக்க உதவி செய்கிறேன் என்று என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்து, என் வேலையை இரட்டிப்பாக்கினான். அவன் வந்திராவிட்டால் நான் அறைக்குச் சீக்கிரம் திரும்பியிருப்பேன். இந்தக் கதையே இல்லை.]

ஆகவே அடுத்து வருவதை நான் பார்க்கவில்லை. அக்காவும் கேள்வியும் சொன்னதை வைத்துத் தைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு நான் காப்பி போடப் போனேன். அக்கா இடது கையால் டம்ளரை எடுத்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த எச்சில் கிண்ணத்தில் மெதுவாகச் சாய்த்தாள். காலி டம்ளரைப் பழையபடி வைத்தாள். திரும்பினால், ஸ்டூலில் கேள்வி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“வெளிய போ,” என்றாள் அக்கா.

“போறேன் டீச்சர். தாகமா இல்லியா?”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேள்வியும் போகவில்லை, அடுத்த கேள்வியும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சும்மா இருத்தலை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியில் அக்கா அழுதாள்.

“இருக்கு. ரொம்ப இருக்கு. குடிச்சா மூச்சு அடைக்குது. செத்துருவேன்போல இருக்கு. பயமா இருக்கு.”

“இத ஆன்ட்டிகிட்ட, உங்க தங்கச்சிகிட்ட, சொல்லலியா?”

“அவ ஏற்கெனவே ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு என் மூச்சைப் பார்க்குறா. இதையும் சொன்னா தூங்கவே மாட்டா.”

அந்தப் பெண், “மறைக்க முடியாது டீச்சர். ஆனா நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.

“நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்.”

4

சாக விரும்புகிறாள் என்று நான் நினைத்தவள், சாகப் பயந்துதான் குடிக்காமல் இருந்திருக்கிறாள். தட்டோடு வந்து நின்ற என்னிடம் கேள்விதான் அதைச் சொன்னாள். எனக்கு வந்த ஆறுதலில் காப்பியைக் கொட்டிவிட்டேன்.*

* நெட்டைதான் துடைத்தான். அவனுக்கும் கதையில் இடம் வேண்டும்.

கேள்வி உடனே தங்களை அனுப்பிய பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். மறுநாள் அவர் விழுங்கப் பயிற்சி கொடுப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கவாதத்தில் தொண்டையும் பலவீனமாகி, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. காய்ச்சலுக்கும் அதுதான் காரணம் என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி, எதையும் கொஞ்சம் கெட்டியாக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொல்லித்தந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை இருவரும் வந்தபோது அக்கா கூழ் மாதிரி இருந்த காப்பியை விழுங்கிக் காட்டினாள். ஒரு கரண்டி. இன்னொன்று. இருமல் இல்லை. நெட்டை சந்தோஷத்தில் கை தட்டிவிட்டான்.

“கை தட்டாதடா, சிரிப்பு வருது, புரையேறிடும்!” என்று அதட்டினாள் அக்கா. கேள்வி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

5

முடிவு.

(அ) அக்கா எழுந்து நடக்கிறாள். பொய். நடக்கவில்லை.

(ஆ) அக்கா இறந்துபோகிறாள். இருவரும் வந்து அழுகிறார்கள். இதை அக்காவே வாசித்துவிட்டாள். “கதை முடியலேன்னா என்னைக் கொன்னுடுவியாடி?” என்று கேட்டாள். அந்த முடிவைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

(இ) பல வருஷம் கழித்துக் கேள்வி பெரிய டாக்டராகி…

இது எனக்குத் தெரியாது. அவர்கள் முறை முடிந்துவிட்டது. இப்போது வேறு இருவர் வருகிறார்கள். கடைசி நாளில் நான் சரியாக நன்றி சொல்லவில்லை. “படி பார்த்து இறங்கும்மா,” என்றேன், அவ்வளவுதான்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். என்றாவது உடம்புக்கு முடியாமல் நீங்கள் ஓர் அறையில் போய் உட்காருவீர்கள். எதிரே இருக்கும் டாக்டரம்மா ஒன்று கேட்டுவிட்டு, நீங்கள் வாய் திறக்கும்வரை அவசரப்படாமல் காத்திருந்தால், அது அவளாக இருக்கலாம். டீச்சர் நன்றாக இருக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள் என்று சொல்லுங்கள். அவள் முகத்தைப் பாருங்கள்.

நான் எழுத முடியாத கடைசி வரி அங்கேதான் இருக்கும்.