ஏறு என்று கத்திய பெட்டி

இந்தக் காலத்துப் பயல்களுக்கு எதையும் ஒரு மெஷின் வந்து சொல்லணும். மழை பெய்யுதான்னு கேட்டால் ரேடியோவைத் திருகுறானுங்க, ஜன்னலைத் திறக்க மாட்டானுங்க. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியே கிழவனான தம்புசாமி, பஸ்ஸில் வழி நெடுக மகனிடம் இப்படித்தான் பொரிந்து தள்ளினார்.

மகன் ஜெயராஜ் துணை விமானி. போன வாரம் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வரும்போது எதிரே இன்னொரு விமானம். புதிதாக மாட்டிய மோதல் தடுப்புப் பெட்டி, "ஏறு, ஏறு" என்று இங்கிலீசில் கத்தியது. கேப்டன் சீவரத்தினம் தன் கண்ணை நம்பி விமானத்தைக் கீழே அழுத்தினார். ஜெயராஜ் முழங்கையால் அவர் மூக்கை உடைத்துவிட்டு மேலே இழுத்தான். எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் கேப்டன் கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டார். வேலை போகிற நிலைமை.

"பெரியவர் மேலேயே கை நீட்டிட்டே. பழத்தட்டு வச்சுக் கால்ல விழு. மத்ததை நான் பேசிக்கிறேன்" என்றார் தம்புசாமி, பஸ்ஸை விட்டு இறங்கும்போது.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் வீட்டில் கேப்டன் மூக்கில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜெயராஜ் தட்டை வைத்தான்.

"அடிச்சது தப்பு, கேப்டன். மன்னிச்சிருங்க."

"பெட்டி சும்மா கத்தினதெண்டு விசாரணையில சொல்லு. புகாரைத் திருப்பி எடுக்கிறன்."

"அது முடியாது. அது சரியாத்தான் சொல்லிச்சு."

"சொல்லித் தொலைடா!" என்றார் தம்புசாமி.

"சொன்னா நாளைக்கு எல்லாரும் அதை அணைச்சிட்டுப் பறப்பாங்கப்பா. எத்தனை பேரு சாவுறது?"

கேப்டன் தட்டை எட்டி உதைத்தார். ஜெயராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, பின்மண்டை சுவரில் 'டம்' என்று மோத அடித்தார். மறுபடி முகத்தில் அடித்தார். உதடு கிழிந்தது. ஜெயராஜ் கையைத் தூக்கவே இல்லை.

தம்புசாமிக்கு மகன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போச்சோ! விட்டார் ஒரு குத்து. கட்டு பிய்ந்து ரத்தம் கொட்ட, கேப்டன் நாற்காலியோடு சாய்ந்தார். கிழவர் விடவில்லை, நெஞ்சில் முட்டி போட்டுக் கழுத்தை நெரித்தார்.

கேப்டனின் மனைவி குணபூசணி உள்ளிருந்து ஓடி வந்து தம்புசாமியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கோ!" என்று கத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, எனக்குச் சொல்லி அழுததை இவையளுக்கும் சொல்லுங்கோவன்!"

கிழவரின் பிடி தளர, கேப்டன் ரத்தத்தைத் துப்பினார்.

"எதிர வந்த விமானம் எங்களுக்குக் கீழால போச்சு. நான் அழுத்தினபடி போயிருந்தா நேரா அதுக்குள்ளதான். போங்கோ. புகாரைத் திருப்பி எடுக்கிறன்."

வாசலில் ஜெயராஜ் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இப்பவாச்சும் நம்புறீங்களாப்பா?"

"கண்ணில்லாத பெட்டி அது. ஒரு தடவை சரியாச் சொல்லிட்டா? நாளைக்குத் தப்பாச் சொன்னா யாரு மூக்கை உடைப்பே?"

பதிலுக்கு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வீங்கிய முஷ்டியை உதறியபடி, தம்புசாமி பாட்டுக்கு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.